உடனிருந்து பிரிதல்

பிரிவுக்கென ஒரு திணையையே வகுத்துக்கொண்ட மொழி தமிழ். பாலைத் திணையின் உரிப்பொருள் பிரிதல். தலைவன் எவற்றின் பொருட்டெல்லாம் பிரிவான் என்பதையும் நம் இலக்கண ஆசிரியர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஓதல், பகை, தூது, பொருள் என்று தொல்காப்பியம் கூறியதைப் பின்வந்த நம்பியகப்பொருள் பரத்தை, ஓதல், காவல், தூது, துணை, பொருள் என ஆறாக வகைப்படுத்திற்று. வகை சொன்னதோடு அவர்கள் அமையவில்லை. பிரிவுக்கு எல்லையும் கட்டினார்கள். கல்வியின் பொருட்டுப் பிரிவது மூன்றாண்டைக் கடத்தலாகாது. வேந்தன் பணியின் பொருட்டுப் பிரிவது ஓராண்டுக்குள் அடங்க வேண்டும் என்பது தொல்காப்பியக் கற்பியல் தரும் கருத்து. அதே இயலில் மற்றொரு விதியும் உண்டு. போர்ப் பாசறையில் தலைவன் தன் மனையாளோடு கூடி உறைதல் இல்லை என்பது அது.

இவ்விதிகளை ஒன்றாக வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வினைக்கு ஓர் இடம், இல்லறத்துக்கு ஓர் இடம். இரண்டுக்கும் இடையே ஒரு வழி. அவ்வழியைக் கடந்து சென்றால் அவன் போய்விட்டான். கடந்து மீண்டால் வந்துவிட்டான். முல்லைத் திணைப் பாடல்களில் வினைமுடித்த தலைவன் தேர்ப்பாகனை விரைவுபடுத்துகிறான் என்றால், விரைந்து கடக்க வேண்டிய வழி ஒன்று நடுவே கிடந்தது என்பதே பொருள்.

தில்லியில் வாழும் நமக்கு இந்த இலக்கணம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. பொருள்வயிற் பிரிந்தவர்கள் நாம். அல்லது அவ்வாறு பிரிந்து வந்தவர்களின் மக்கள், பேரர்கள். கரோல்பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய முதல் தலைமுறையினர் பிரிவின் துயரை நன்கறிவார்கள். ஆயினும், அவர்களும் அறியாத, இலக்கணமும் பெயரிடாத ஒரு பிரிவு இந்நாளில் நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. இதில் உடல் பிரிவதில்லை. தலைவன் குடும்பத்தோடு ஒரே வண்டியில் பயணம் செய்கிறான். ஒரே விடுதியில் தங்குகிறான். ஒரே இலையில் உண்ணவும் செய்கிறான். ஆனால் அவன் மடியில் ஒரு கணினி இருக்கிறது; அதனுள் அவனுடைய அலுவலகம் முழுவதும் இருக்கிறது. பயணத்திலேயே பணி, பணியிலேயே பயணம் என்ற இந்த வாழ்க்கையில், அவன் எங்கே இருக்கிறான்? தன்னவர்களோடு இருக்கிறான் என்று சொல்லலாமா? சொல்லலாகாது எனின், அவர்களுக்கு அவன் பட்ட கடன் யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணி இடம்பெயர்ந்த வரலாறு

மனிதனைப் பணியிடத்துக்குக் கொண்டுசெல்வதைவிடப் பணியை மனிதனிடத்துக்குக் கொண்டுசெல்லலாமே என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்க நாட்டு அறிஞர் ஜாக் நில்லஸ் 1973ஆம் ஆண்டிலேயே இதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று பெயர் சூட்டினார். அன்றாடம் அலுவலகம் சென்று திரும்புவதில் வீணாகும் நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தலாம் என்பது அவர் கருத்து. தில்லிப் பேருந்துகளில் தொங்கிக்கொண்டு சென்றவர்களுக்கு இக்கருத்தின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒரு சிலருக்கே வாய்த்திருந்த இம்முறையை ஒரு நோய் உலகெங்கும் பரப்பியது. 2020 மார்ச் 24 இரவில் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்னரே மத்திய அரசு அலுவலகங்களில் பி, சி பிரிவு ஊழியர்களுள் பாதிப்பேர் வீட்டிலிருந்து பணிபுரியலாம், ஆனால் தொலைபேசியில் கிடைக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. கோப்பையும் வருகைப் பதிவேட்டையும் விட்டால் வேறு உலகம் அறியாத எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு அது வியப்பான ஆணையாகவே இருந்தது. அலுவலகம் என்பது ஒரு கட்டடம் என்றுதான் அதுவரை நாங்கள் நினைத்திருந்தோம்.

அவ்வாண்டு நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் அழைப்பு மையங்களுக்கும் இருந்த கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. வீட்டிலிருந்து பணி என்பது எங்கிருந்தும் பணி என விரிந்தது. அதே 2020இல் பார்படோஸ் தீவும் எஸ்தோனியா நாடும், தம் மண்ணில் தங்கியிருந்து வேறு நாட்டு நிறுவனத்துக்குப் பணிசெய்ய விரும்புவோர்க்கெனத் தனி அனுமதி வழங்கத் தொடங்கின. நம் இளைஞர்களும் கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் புறப்பட்டார்கள். மணமானவர்கள் மனைவி மக்களையும் பெற்றோரையும் உடன் அழைத்துச் சென்றார்கள்.

வரமாக வந்தது

இதனை எடுத்த எடுப்பிலேயே இகழ்வது முறையன்று. ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது எத்தகைய வரம் என்பதை முதலில் உணர வேண்டும்.

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இருப்புப்பாதைத் தொலைவு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். 1929இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும், 1976இல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் நம் குடும்ப வரலாறுகளில் உறவினர்களைப் போலவே இடம்பெற்றவை. மத்திய அரசு ஊழியனுக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. சனவரி முதல் நாளில் 15, சூலை முதல் நாளில் 15 எனக் கணக்கில் ஏறும். ஏறினாலும், விடுப்பை உரிமையாகக் கோர இயலாது என்று 1972ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளே கூறுகின்றன. சேர்த்து வைத்த விடுப்பைக் கொண்டு சொந்த ஊருக்குச் செல்வதற்குள், போகும் காரணமே சில வேளைகளில் முடிந்துபோகும். தந்தையின் நிலை கவலைக்கிடம், உடனே புறப்படு என்று தந்தி வரும். தந்திச் சேவை 2013 சூலையில் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தத் தந்தியைக் கையில் வாங்கிய நெஞ்சின் துடிப்பு இன்னும் பலருக்கு நின்றபாடில்லை. இரண்டு இரவுகள் வண்டியில் கழித்து ஊர் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்ததைக் கண்டவர்கள் நம்முள் எத்தனை பேர்!

என் தமக்கையின் மகன் குருகிராமில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறான். சில ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் அவன் தந்தை, என் அத்தான், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். செய்தி கேட்ட மறுநாளே மகன் விமானமேறிச் சென்றான். அறுவைச் சிகிச்சை முடிந்து அவர் எழுந்து நிற்கும் வரை 40 நாள் அங்கேயே இருந்தான். பகலில் தந்தையின் கட்டிலருகே ஒரு முக்காலியில் கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தான். இரவில் அவரைத் தாங்கிக் கழிவறைக்கு அழைத்துச் சென்றான். விடுப்பென்று அவன் எடுத்தது மூன்றே நாள்கள். என் தலைமுறையில் எந்த எழுத்தனுக்கும் இப்பேறு வாய்த்ததில்லை. தந்தைக்கு ஆற்ற வேண்டிய கடனையும் உண்ணும் சோற்றுக்கு ஆற்ற வேண்டிய கடனையும் ஒருங்கே ஆற்ற அந்தக் கணினி துணைநின்றது. அதனை இகழ எனக்கு நாவெழவில்லை.

கோயில் வாசலில் நின்றது

அதே மகன், அதே கணினி. அடுத்த ஆண்டு நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும்.

மறுபடி நடக்க முடிந்தால் இராமேசுவரம் சென்று, மகன் கையைப் பிடித்துக்கொண்டு 22 தீர்த்தங்களிலும் நீராடுவதாக அத்தான் நேர்ந்துகொண்டிருந்தார். ஒரு குளிர்காலத்தில் அப்பயணம் அமைந்தது. விடுப்புப் பயணச் சலுகையில் ஊருக்கு வந்திருந்த நானும் உடன் சென்றேன். மகன் விடுப்பு எடுக்கவில்லை. எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்றிருக்கையில் விடுப்பை வீணாக்குவானேன் என்று அவன் எண்ணியது இயல்பே.

காலையில் அக்கினி தீர்த்தத்தில் கடலாடினோம். ஒன்பது மணிக்கு அவனுக்கு ஒரு காணொளிக் கூட்டம் இருந்தது. அரை மணியில் முடியும் என்றான். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கூடாதென்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டிருக்கிறது. ஆகவே கூட்டத்தைக் காதில் மாட்டிக்கொண்டு உள்ளே வரவும் வழியில்லை. ஈர வேட்டியோடு அத்தான் வாசலில் நின்றார். ஒன்பதரை ஆயிற்று, பத்தாயிற்று. குளிரில் அவருக்கு நடுக்கம் கண்டது. இனியும் நிற்க வேண்டா என்று நாங்கள் உள்ளே சென்றோம். தீர்த்தம் இறைத்து ஊற்றும் ஆள் ஒருவர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு கிணறு கிணறாக அழைத்துச் சென்றார். நல்ல மனிதர், வழுக்கும் இடங்களில் தம் தோளையே கொடுத்தார். நாங்கள் திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை. மகன் விடுதி அறையில் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்; எங்களைக் கண்டதும் ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிடம் என்று சைகை காட்டினான்.

மாலையில் தனுஷ்கோடி சென்றோம். அங்கே அவன் கைப்பேசிக்கு அலைவரிசை சரியாகக் கிடைக்கவில்லை. கிடைத்த ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி உள்ளேயே அமர்ந்துவிட்டான். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபட்ட ஊரின் சுவர்களை அவன் ஆறு வயது மகளுக்கு நான்தான் காட்டினேன். அக்குழந்தையிடம் ஒரு பழக்கத்தைக் கண்டேன். தந்தையிடம் பேசுவதற்கு முன் அவள் அவர் காதை உற்றுப் பார்க்கிறாள். காதில் அந்தச் சிறு கருவி இருந்தால் பேசாமல் திரும்பிவிடுகிறாள்.

அன்றிரவு என் தமக்கை என்னிடம் சொன்னது இது: "தம்பி, அவன் தில்லியிலேயே இருந்திருந்தால், வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். வந்துவிட்டானே! இனி யாரிடம் என்ன சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வேன்?"

இச்சிக்கலின் அறக்கூறு முழுவதும் அந்த ஒரு வினாவில் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. பிரிந்து சென்றவனை நினைத்து ஏங்கலாம். அவன் வரும் நாளைச் சுவரில் கோடிட்டு எண்ணலாம். அந்த ஏக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அதைப் பாடப் புலவர்களும் இருந்தார்கள். உடனிருந்தே பிரிந்திருப்பவனை நினைத்து ஏங்கினால், எதிரிலேயே இருக்கிறானே, உனக்கென்ன குறை என்பார்கள். பிரிவின் துயரம் இருக்கிறது. பிரிவு என்ற பெயர் மட்டும் மறுக்கப்படுகிறது.

தறியும் கணினியும்

இங்கே ஒரு தடை எழலாம். வீடும் பணியிடமும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பதே ஆங்கிலேயன் அலுவலகம் கட்டிய பிறகு வந்த வழக்கம் அன்றோ? காஞ்சிபுரத்து நெசவாளி தன் வீட்டுக் குழித்தறியில்தான் பட்டு நெய்தான். குயவன் தன் முற்றத்தில் சக்கரம் சுழற்றினான். உழவன் மனைவி தூளியைக் கிளையில் கட்டிவிட்டு நாற்று நட்டாள். அவர்களெல்லாம் குடும்பத்தோடு உடனிருக்கவில்லையா? வீட்டிலேயே வேலை பார்ப்பது குற்றமெனின், அடுக்களையில் நாள் முழுதும் உழைக்கும் தாய்மார்கள் அனைவரும் குற்றவாளிகள் ஆவரே?

வலிமை வாய்ந்த தடைதான். எனினும் சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறுபாடு விளங்கும். நெசவாளியின் தறி வீட்டில் இருந்தது. அவன் நெய்த துணியும் அங்கேயே இருந்தது. துணி நாளுக்கு நாள் வளர்வதைக் குழந்தை கண்டது. நூல் சுற்றித் தந்தது. தந்தை ஏன் இப்போது பேசவில்லை என்பது அதற்குப் புரிந்தது. அவன் கண் தறியில் இருந்தாலும் காது வீட்டில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தறியை விட்டு எழுந்தால் அவன் எழுந்தவனே. கோயிலுக்குத் தறி பின்தொடர்ந்து வந்ததில்லை.

கணினியில் நடக்கும் பணியோ வீட்டில் நடப்பதன்று. அதன் இடம் வேறு. அதில் பேசுகிறவர்கள் வேறு. பல வேளைகளில் அதன் பொழுதும் வேறு. கோடைக்கால நியூயார்க்கில் காலை பத்து மணிக்குக் கூடும் கூட்டத்துக்கு நம்மவர் இரவு ஏழரை மணிக்கு அமர வேண்டும். அது விளக்கேற்றி, குழந்தைக்குச் சோறூட்டும் நேரம். அவன் செவியையும் விழியையும் ஒருசேர வேறோரிடத்துக்குக் கொடுத்துவிட்டு உடலை மட்டும் கூடத்தில் விட்டுச் செல்கிறான். ஆகவே இதனை வீட்டில் செய்யும் வேலை என்பதைவிட, வீட்டை விட்டு நீங்காமலேயே வெளியேறுதல் என்பது பொருந்தும்.

அப்படியாயின் உடனிருத்தல் என்பது யாது? ஒரே கூரையின்கீழ் இருப்பது மட்டும் உடனிருத்தல் ஆகாது. இரயில் பெட்டியில் எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் எல்லாரும் உறவினர் ஆகிவிடுவதில்லை. எப்போதும் பேசிக்கொண்டே இருப்பதும் அன்று. முதிய தம்பதியர் ஒரு சொல்லும் பேசாமல் திண்ணையில் மாலைப்பொழுது முழுதும் உடனிருப்பதைக் கண்டிருக்கிறோம். ஒருவர் அழைத்தால் மற்றவர் திரும்புவார் என்ற உறுதியே உடனிருத்தல் என எனக்குத் தோன்றுகிறது. கும்பகோணத்தில் கட்டிலருகே கணினியோடு அமர்ந்திருந்த மகன், தந்தை முனகினால் திரும்பினான். ஆகவே பணியிடையிலும் உடனிருந்தான். இராமேசுவரத்தில் ஒரு விரலை உயர்த்தினான்; ஆகவே விடுமுறையிலும் உடனில்லை. கணினி இரண்டிடத்திலும் ஒன்றே. திரும்பும் முகம்தான் வேறு.

முகம் என்பது சிறிய செய்தியன்று. அனிச்ச மலர் மோந்தால்தான் வாடும், விருந்தினரோ நம் முகம் வேறுபட்டாலே வாடிவிடுவர் என்று வள்ளுவர் கண்டார். ஓரிரு நாள் தங்கிச் செல்லும் விருந்தினரின் நிலையே இதுவாயின், நாள்தோறும் நம் முகத்தை நோக்கி வளரும் குழந்தையின் நிலை என்னாகும்? காதைப் பார்த்துவிட்டுத் திரும்பிச் செல்லும் அக்குழந்தை அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் அச்சமூட்டுகிறது.

வேலியும் அதன் எல்லையும்

உழைக்கும் நேரத்துக்கு வேலி வேண்டும் என்பதற்காக உலகம் நெடுங்காலம் போராடியது. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே வேலைநேரத்தைப் பற்றியதுதான். நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவை அது முன்வைத்தது. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். ஆலைச் சங்கு ஊதியபின் எஞ்சும் பொழுது தொழிலாளியினுடையது என்பது அப்போராட்டத்தின் உட்பொருள். இன்று கணினியில் சங்கு இல்லை. ஆகவே பல நாடுகள் புதிய வேலி கட்ட முனைந்துள்ளன. பணிநேரம் கடந்தபின் தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்சு நாடு 2017இல் நடைமுறைப்படுத்தியது. ஓய்வுநேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்வதைத் தவிர்க்குமாறு முதலாளிகளைக் கடமைப்படுத்திப் போர்த்துகல் 2021இல் சட்டம் செய்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. நம் மக்களவையிலும் 2018இல் சுப்ரியா சூலே இதற்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்.

இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் சட்டம் ஓரளவுக்குமேல் துணைவாராது. மேலாளர் அழைக்காதபோதும் நாமே கணினியைத் திறந்து பார்க்கிறோமே, அதைத் தடுக்க எந்தச் சட்டம் உண்டு? அன்றைய கூட்டத்தில் கலந்துகொள்ளாவிட்டால் தன்னை வேலையை விட்டு நீக்கிவிடுவார்கள் என்று என் மருமகன் அஞ்சவில்லை. தான் இல்லாமலும் கூட்டம் நடந்துவிடும் என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வேலை நம்மை இழுப்பது பாதி. வேலையை நாம் விடாதது பாதி.

குற்றம் எப்போதும் பணிபுரிவோர் பக்கமே என்று கொள்வதும் நேர்மையாகாது. பணிபுரியும் பெண்களை எண்ணிப் பாருங்கள். மருமகள் கணினியோடு மாமியார் வீட்டுக்கு வந்தால், வீட்டில்தானே இருக்கிறாள் என்று பாலைக் காய்ச்சவும், வந்தவர்க்குக் காப்பி தரவும், குழந்தையைத் தூங்க வைக்கவும் அவளையே அழைக்கிறோம். மகன் கதவைச் சாத்திக்கொண்டால் வேலையாக இருக்கிறான்; மருமகள் சாத்திக்கொண்டால் மரியாதை தெரியாதவள். அவள் அலுவலகத்தில் இருக்கிறாள் என்பதைக் குடும்பம் ஒப்புக்கொள்வதில்லை; குடும்பத்தில் இருக்கிறாள் என்பதை அலுவலகம் ஒப்புக்கொள்வதில்லை. ஆடவன் உடனிருந்து பிரிகிறான் எனின், பெண் பிரியவும் விடப்படாமல், உடனிருக்கவும் விடப்படாமல் அல்லல் உறுகிறாள். ஆகவே பிரிவை வெளிப்படையாக்கும் கடமை பிரிபவருக்கு எவ்வளவு உண்டோ, அப்பிரிவை மதித்து வழிவிடும் கடமை உடனிருப்பவருக்கும் அவ்வளவு உண்டு.

விடை பெறுதல்

விடுப்பு, விடை, விடுதலை, வீடு என்னும் சொற்கள் யாவும் விடு என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒன்றை விட்டு நீங்கி வந்து சேரும் இடமே வீடு. விடாமல் வந்தவன் வீட்டுக்கு வந்தவனாகான். இருபதாண்டுகளுக்கு மேலாக விடுப்பு விண்ணப்பங்களைப் பரிசீலித்து மேலே அனுப்பிவரும் எழுத்தன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். விடுப்பு என்பது ஓய்வுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. இம்மனிதன் எங்களுக்கு மட்டும் உரியவன் அல்லன், பிறர்க்கும் உரியவன் என்று பணியிடம் எழுத்தில் தரும் ஒப்புதல் அது. விடுப்பில் செல்பவன் தன் இருக்கையின் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டுச் செல்கிறான். அப்போதுதான் அவன் மனமும் வண்டியேறுகிறது.

எங்கிருந்தும் பணி செய்யும் வாய்ப்பு பெற்றவர்கள் அதைக் கைவிட வேண்டும் என்று நான் கூறவரவில்லை. முதியோரைப் பேணவும், பிள்ளைகள் தாத்தா பாட்டியின் மடியில் கோடையைக் கழிக்கவும், தமிழ் பேசும் மண்ணில் சில வாரம் தமிழ் கேட்டு வளரவும் இது துணைபுரியும். ஆனால் பணிக்காக ஊருக்குச் செல்லும் பயணம் வேறு, குடும்பத்துக்காகச் செல்லும் பயணம் வேறு என்பதைப் புறப்படும் முன்னரே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முன்னதில் பகல் பணிக்கும் மாலை குடும்பத்துக்கும் உரியன என்று சொல்லிவிட்டுச் செல்லலாம், யாரும் வருந்தார். நேர்த்திக்கடனுக்கும், திருமணத்துக்கும், நோயுற்றவரின் கடைசி ஆசைக்கும் செல்லும் பயணத்தில் விடுப்பு எடுத்தே தீர வேண்டும். எடுத்தபின் கணினியைத் தில்லியிலேயே விட்டுச் செல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே விடுப்பைச் சேமிப்பவன் இருவரையும் ஏய்க்கிறான். அலுவலகத்துக்குத் தருவதாகச் சொன்ன கவனத்தைக் குடும்பத்திடமிருந்தும், குடும்பத்துக்குத் தருவதாகச் சொன்ன நாளை அலுவலகத்திடமிருந்தும் அவன் கடன் வாங்குகிறான். அக்கடன் ஒருநாள் வட்டியோடு கேட்கப்படும். கேட்க அப்போது பெற்றோர் இருப்பார்களா என்பதுதான் ஐயம்.

பெரிய பயணங்களுக்கு இது போதும். அன்றாடத்துக்கு? அதற்கு நம் வழக்கிலேயே ஒரு நல்ல மருந்து இருக்கிறது. தமிழன் வீட்டை விட்டுச் செல்லும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'போய்வருகிறேன்' என்கிறான். அந்த ஒரு சொல்லில் மூன்று செய்திகள் உள்ளன. இப்போது நான் உங்களிடமிருந்து நீங்குகிறேன் என்ற உண்மை. உங்கள் விடையின்றி நீங்கேன் என்ற பணிவு. திரும்பி வருவேன் என்ற உறுதி. அலுவலகத்துக்கு நடந்து சென்ற நாளில் நாம் இதை நாள்தோறும் வாசலில் நின்று சொன்னோம். கணினி வந்தபின் வாசல் தாண்டுவதில்லை, ஆகவே சொல்லுவதுமில்லை. சொல்லாமலே போகிறோம், வந்ததையும் சொல்லாததால் எப்போது வந்தோம் என்பது வீட்டாருக்கும் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை.

கூடத்து மூலையில் அமர்ந்து வேலை தொடங்கும்போதும் குழந்தையை அழைத்து, "போய்வருகிறேன், ஒரு மணிக்கு வருவேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மணிக்கு அக்குழந்தை கடிகாரத்தைப் பார்க்கும். அப்போது கணினியை மூடி, "வந்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உண்மையாகவே வந்திருக்கவும் வேண்டும். பொருள்வயிற் பிரிவது நம் தலைவிதியாக இருக்கலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. விடை கேட்டுப் பிரிந்தவனையே மீண்டு வந்தபோது வரவேற்க இயலும்.